என் தனிமைக்குத் துணை வந்த எட்டுப் பேர்

ஒருவருக்கும் சொல்லாமல், ஒருவரும் இல்லாத ஒரு தீவுக்குப் போவது என்று எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை முடிவானது. சனிக்கிழமை மத்தியானம் கறிவேப்பிலை வாங்கக் கீழே இறங்கினேன். மரக்கறிக் கடைக்காரர், புடவைக் கடைப் பிள்ளை, மெத்ரோ வாசலில் கச்சான் கடலை விற்கிறவர் என்று எல்லாரும் எனக்கு நல்ல பயணம் சொன்னார்கள். பாரிசில் எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பலில் ஒரு இரகசியம் விடியும் வரைக்கும் தாங்கியதே பெரிய காரியம்.

பயணத்துக்குக் காரணம் என் எழுபதாவது பிறந்தநாள்.

எங்கள் ஆட்கள் எழுபது வயது வந்தவர்களைச் சும்மா விடமாட்டார்கள். பாரிசுக்கு வெளியே ஒரு மண்டபம் எடுப்பார்கள். மேடையில் சிம்மாசனம் போல ராசா கதிரை, பின்னால் பூச்சுவர், முன்னால் புகை விடுகிற மெசின். பிறந்தநாள்காரர் அந்தப் புகைக்குள்ளால் நடந்து வரவேண்டும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா போன வருசம் அன்ன வாகனத்தில் வந்தார். அன்னத்தின் கழுத்து மண்டப வாசலில் இடிபட்டு ஒடிந்துவிட்டது. ஆகையால் முக்கால் அன்னத்தில் வந்தார் என்பதே சரி. பிறகு ஊர் முழுக்க வரிசையில் வந்து பக்கத்தில் நின்று படம் எடுக்கும். பிறந்தநாள்காரர் சாப்பிடப் போகிற நேரம் கொத்து றொட்டி ஆறிப் பலகையாகியிருக்கும்.

எனக்கு மூன்று பேர் ஒன்றாகப் பார்த்தாலே தலை தானாகக் குனிந்துவிடும். என் கலியாணப் படத்தில் உச்சி வகிடு மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. மருமகன் ரவி ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "மாமி, பொம்பிளையை மாத்திக் குடுத்திருந்தாலும் மாமாவுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

படம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு வேறொரு ஆசை இருந்தது. நான் தனியாக இருந்ததே இல்லை. பிறந்தபோது வீட்டில் எனக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். கலியாணம் செய்து போன வீட்டில் மாமியார், மைத்துனிமார். பிறகு அகதி முகாம். அங்கே தனிமை என்றால் சீலையை இழுத்து முகத்தை மூடுவது. பாரிசுக்கு வந்து சேர்ந்தால் இரண்டு அறை வீடு, வரவேற்பறைச் சோபாவில் என் படுக்கை, தலைமாட்டில் தொலைக்காட்சி. கணவர் போன பிறகு கூட அழுவதற்கு ஒரு மூலை கிடைக்கவில்லை. குளியலறைக் கதவை யாரோ ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் ஒருவரும் இல்லாவிட்டால் நான் எப்படிப்பட்ட ஆள் என்பது எனக்கே தெரியாது. சாவதற்கு முன்னால் அதை ஒரு நாள் பார்த்துவிட வேண்டும்.

இதை மகள் வதனியிடம் சொல்ல எனக்கு ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், தேவைப்பட்டது. கடைசியில் வெங்காயம் உரிக்கும்போது சொன்னேன். கண்ணீர் வந்தாலும் காரணம் இருக்குமல்லவா.

"எனக்கு மண்டபம் வேண்டாம் பிள்ளை. ஒருதரும் இல்லாத இடத்திலை ஒரு நாள் தனிய இருக்கவேணும்."

வதனி கத்தியைக் கீழே வைத்தாள். "நாங்கள் உங்களுக்கு என்னம்மா குறை விட்டனாங்கள்?" என்று அழத் தொடங்கினாள். வெங்காயத்தை நான்தான் உரித்துக்கொண்டிருந்தேன்; அழுகை முழுவதும் அவளுடையது.

ரவி ஒரு உணவகத்தில் சமையல் வேலை. உலகத்தில் உள்ள எல்லாம் அவருடைய போனுக்குள் இருக்கிறது. "உதுக்கேன் அழுறாய்? மாமிக்கு ஒரு தீவு எடுத்துக் குடுப்பம்" என்று தேடத் தொடங்கினார். ஒரு படம் காட்டினார். நீலக் கடல், வெள்ளை மணல், இரண்டு மரத்துக்கிடையில் ஒரு தூங்குமஞ்சம். அதில் கூட ஆள் இல்லை. நான் போனைக் கையில் வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அந்தத் தீவு கரிபியன் கடலில் குவாதலூப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் லா டெசிராட். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் பறந்து, பிறகு படகு ஏறிப் போனாலும் அதுவும் பிரான்ஸ்தானாம். என் வதிவிட கார்ட் போதும், விசா வேண்டாம். லா சப்பலில் இருந்து கார்ட் புதுப்பிக்கப் பாரிசு அரச கச்சேரிக்குப் போனால் அந்நிய நாட்டுக்காரியைப் போல வரிசையில் நிற்கிறேன். உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருக்கிற தீவுக்கு மட்டும் சொந்த வீட்டுக்குப் போவது போல் போகலாம்.

பேர்த்தி அபி தலையை நிமிர்த்தாமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். "அம்மம்மாதான் இந்த வீட்டிலை புத்தியுள்ள ஆளாம்" என்று ரவி மொழிபெயர்த்தார். வதனி இன்னும் கொஞ்சம் அழுதாள்.

இரகசியம் போன வழி பெரிய மர்மம் இல்லை. ரவி கறித்தூள் கடைக்குப் போய், "அண்ணை, பயணத்துக்கு நல்ல உறைப்பா ஒரு தூள் இடிச்சுத் தாங்கோ. மாமியை ஆருமில்லாத தீவுக்குக் கூட்டிக்கொண்டு போறம். ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று கேட்டிருக்கிறார். கடையில் அப்போது நின்ற ஒருதர் பாக்கியம் அக்கா.

அன்று பின்னேரமே கதவைத் தட்டினார். "எடியே நேசம், தனியப் போறியாம்? பைத்தியமே உனக்கு? நான் துணைக்கு வாறன்."

"இல்லை அக்கா, தனிய இருக்கத்தான்..."

"ஓம் ஓம், தனிய இருப்பம். நானும் ஆரோடையும் கதைக்கமாட்டன்."

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் தனியாகப் போகிறார் என்று கேள்விப்பட்டால் அதை ஒரு நோய் வருத்தமாக நினைத்துப் பார்க்க வருவார்கள். பாக்கியம் அக்காவுக்குப் பின்னால் ரவியின் அண்ணையும் மனைவியும் வந்தார்கள். மாமியைக் கவனிக்க இவ்வளவு ஆள் காணாதாம். அவர்களுக்குப் பின்னால் வீடியோ சிவா, எங்கள் எல்லாருடைய விழாவையும் எடுக்கிறவர், மனைவியுடன் வந்தார்.

"அன்ரி, உங்கடை தனிமையை வடிவா எடுத்துத் தாறன். ட்ரோன் எல்லாம் கொண்டுவாறன்" என்றார்.

எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஆகவே கடைசியில் புறப்பட்டது நானும், என் தனிமைக்குப் பாதுகாப்பாக எட்டுப் பேரும்.

ராகுகாலத்துக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்கவேண்டும் என்று பாக்கியம் அக்கா சொன்னதால் விடியவே ஓர்லி விமான நிலையத்தில் போய்க் குந்தினோம். விமானத்துக்கு ராகுகாலம் தெரியாது போலும், பின்னேரம்தான் கிளம்பியது. எங்களிடம் சோறு அவிக்கிற மெசின், இடியப்ப உரல், பொதி செய்த கருவாடு, பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டி எல்லாம் இருந்தன. பையைச் சோதித்தவர் நீத்துப்பெட்டியைத் தூக்கிப் பார்த்து ஏதோ கேட்டார். "இது தொப்பியா எண்டு கேக்கிறார்" என்று ரவி சொல்வதற்குள் அபி ஓம் என்று தலையாட்டிவிட்டாள். ஆகவே பாக்கியம் அக்கா அதைத் தலையில் கவிழ்த்தபடி விமானக் கதவு வரைக்கும் நடந்தார். அன்ன வாகனத்தை விட அது அவருக்கு நன்றாகப் பொருந்தியது.

விமானத்தில் கோழியும் ஒரு துண்டுப் பாண் றொட்டியும் தந்தார்கள். கோழிக்கு நோய் வந்து உப்பில்லாப் பத்தியம் இருந்திருக்க வேண்டும். ரவியின் அண்ணை கருவாட்டுப் பொதியை அவிழ்த்தார். முன்னால் இருந்த பிரெஞ்சுக்காரர் மனைவியிடம், "ஜன்னலைத் திறக்க முடியாதா?" என்று கேட்டாராம். அபி சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

குவாதலூப்பில் இறங்கியவுடன் வெக்கை முகத்தில் அறைந்தது. தென்னை, வாழை, முருங்கை, செவ்வரத்தை. "ஐயோ, எங்கடை ஊர் மாதிரியே இருக்கு!" என்று வதனி கையைத் தட்டினாள். "அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று பாக்கியம் அக்கா கேட்டார். அந்தப் பயணம் முழுவதிலும் ஒருவர் கேட்ட நியாயமான கேள்வி அது ஒன்றுதான்.

அடுத்த நாள் சந்தைக்குப் போனோம். ஒரு மனுசி மஞ்சள் நிறத் தூள் விற்றுக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர் கொழும்பாம். கொழும்பில் ஒருவரும் அந்தத் தூளைக் கண்டிருக்கமாட்டார்கள். மனுசியின் முகம் மட்டும் அச்சாக எங்கள் முகம். பூட்டன்மார் காலத்தில் கரும்பு வெட்டப் புதுச்சேரிப் பக்கமிருந்து கப்பலில் வந்தவர்களாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பாக்கியம் அக்கா தூளை நக்கிப் பார்த்து, "மிளகாய் காணாது" என்று தமிழிலேயே தீர்ப்புச் சொன்னார்.

மனுசி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அபி விளக்கினாள். மனுசி எங்கள் ஒன்பது பேரையும், பெட்டிகளையும், சிவா நீட்டிக்கொண்டு நின்ற கமராவையும் பார்த்தார். "இவ்வளவு பேருமா தனியாக இருக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, ஒரு பெரிய மாம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதை நான் கைப்பைக்குள் ஒளித்தேன்.

படகில் எல்லாரும் சத்தி எடுத்தார்கள். அந்தக் கடல் அப்படித் தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் பிறந்தது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவில். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு நின்றது, படகில் போய்வருவது நிற்கவில்லை. அந்தத் தீவை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள், இப்போது அதைப்போல ஒரு தீவைத் தேடி விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

ரவி முகம் வெளிறியபடி போனைப் பார்த்துச் சொன்னார். "மாமி, டெசிராட் எண்டால் ஆசைப்பட்ட இடம் எண்டு கருத்தாம்." கொஞ்சம் பொறுத்து, "முந்தி குட்டரோகிகளைக் கொண்டுவந்து ஒதுக்கி வைச்ச இடமுமாம்" என்றார்.

"இதைப் பாரிசிலை வைச்சுப் பாக்கேல்லையோ?" என்று வதனி சத்தி எடுக்கிற பைக்குள் இருந்து தலையை எடுத்துக் கேட்டாள்.

தீவு நீட்டு வாக்கில் கிடந்தது. ஒரு தெரு, வேலிக்கு வேலி ஆடுகள், மதிலில் வெயில் காயும் பெரிய ஓணான்கள், கஜு முந்திரி மரங்கள். கடற்கரையோரமாக நீல ஜன்னல் வைத்த வீடு. எனக்கென்று ஒரு தனி அறை தந்தார்கள். நான் பயப்படாமல் இருக்கப் பாக்கியம் அக்காவையும் அதற்குள் போட்டார்கள்.

காலையில் கடற்கரைக்குப் போய் மணலில் இருந்தேன். இடப்பக்கம் நாலு பேர், வலப்பக்கம் மூன்று பேர், முன்னால் சிவா.

"அன்ரி, நாங்கள் ஒருதரும் இல்லையெண்டு நினைச்சுக்கொண்டு கடலைப் பாருங்கோ. ஆ, அப்பிடித்தான். கொஞ்சம் சோகமாப் பாருங்கோ."

சோகம் தானாக வந்தது.

"தனிமை எப்பிடி இருக்கு மாமி?" என்று ரவி கேட்டார். அவர் நல்ல மனுசன். நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் திரும்பவும் கேட்டார்.

பிறந்தநாளுக்கு முதல் நாள் காலை குசினிக்குள், அடுப்படியில் நின்று குசுகுசுத்தார்கள். எங்கள் ஆட்கள் குசுகுசுத்தால் பக்கத்து வீட்டு ஆடு திரும்பிப் பார்க்கும். பெரிய தீவில், குவாதலூப்பில் ஒரு கேக் சொல்லியிருக்கிறார்கள், மூன்று தட்டு. ராசா கதிரை ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பாரிசில் ஒரு சிறிய மண்டபம் எடுத்துச் சொந்தக்காரரைக் கூட்டியாயிற்று. பெரிய திரையில் என்னைக் காட்டப் போகிறார்கள். லண்டனும் ரொறன்ரோவும் போனில் சேருமாம். நான் மண்டபம் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா. ஆகவே மண்டபத்தைக் கடல் தாண்டி என்னிடம் கொண்டுவந்திருந்தார்கள்.

ஓடி ஒளிய இடம் இல்லை. தீவைச் சுற்றியும் கடல்.

கதிரையைத் தூக்க ஆண்கள் மூன்று பேரும் போகவேண்டும். கேக்கில் என் பெயரைப் பிழையாக எழுதிவிடுவார்கள் என்று வதனி போகவேண்டும். மொழிபெயர்க்க அபி. சோடனைச் சாமான் வாங்க மற்றப் பெண்கள். பாக்கியம் அக்காவை எனக்குக் காவல் வைத்தார்கள். அப்போதுதான் ரவியின் அண்ணி, அங்கே மெட்ராஸ் என்று ஒரு கட்டம் போட்ட துணி விற்கிறதாம், பெண்கள் தலைக்குக் கட்டுகிறதாம் என்றார். பாக்கியம் அக்காவின் கண் போன போக்கை நான் பார்த்தேன்.

என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரைப் போகச் சொல்லி வாயைத் திறந்தேன். "நீங்கள் போயிட்டு வாங்கோ அக்கா. எனக்கு முழங்கால் உளையுது, படுத்திருக்கிறன்."

"பயப்பிடமாட்டியே?"

"பயம்தான். ஆனா பரவாயில்லை."

"பின்னேரப் படகிலை வந்திடுவம்" என்று எட்டுப் பேரும் போனார்கள்.

பின்னேரம் ஆடு வளர்க்கிற அயல் வீட்டுக் கிழவன் வேலியருகே வந்தான். கையை அலை போல் மேலும் கீழும் ஆட்டினான். பிறகு விரலை அசைத்து இல்லை என்றான். கடல் பொங்கிவிட்டது, படகு ஓடாது.

வதனி போனில் கதறினாள். "அம்மா, தனிய என்ன செய்வியள்! நாளைக்கும் படகு ஓடுமோ தெரியாதாம்!"

"நீ யோசியாதை பிள்ளை" என்று எவ்வளவு பரிதாபமாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு பரிதாபமாகச் சொன்னேன். "போனிலை சார்ஜ் இல்லைப் போலை கிடக்கு." பிறகு சார்ஜ் இருந்த போனை அணைத்து அரிசிப் பைக்குள் வைத்தேன்.

முதலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கதிரையில் இருந்தேன். யாராவது கூப்பிடுவார்கள் என்று காது காத்துக்கொண்டு நின்றது. ஒருவரும் கூப்பிடவில்லை. நான் பிஸ்கட் கடிக்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. தனிமை என்பது இவ்வளவுதானா, இதற்கா வதனி அப்படி அழுதாள் என்று கூட நினைத்தேன்.

சோறு அவித்தேன். ஒருவருக்கு எவ்வளவு அரிசி என்று என் கைக்குத் தெரியவில்லை. கை தன் பாட்டில் அள்ளியது. பானை நிறையச் சோறு. ஆடுகள் வயிறாரச் சாப்பிட்டன. கருவாட்டுக் குழம்பை மட்டும் மோந்து பார்த்துவிட்டு விலகின. அவையும் பிரெஞ்சு ஆடுகள்தானே.

விடிந்தபோது எனக்கு எழுபது வயது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளித்தேன். தலையை முடியாமல் விரித்து விட்டேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் படித்த தேவாரத்தை முழுச் சத்தத்தில் பாடினேன். எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் தெரியும். மதிலில் இருந்த ஓணான் ஒரு கண்ணைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வெட்கப்பட நினைத்தேன். யாருக்காக என்று விட்டுவிட்டேன்.

சட்டையோடு கடலில் இறங்கிக் குந்தினேன். அலை வந்து மடியில் இருந்துவிட்டுப் போனது. கணவர் போனதற்கு அழவேண்டிய மிச்ச அழுகையை அங்கே அழுது முடித்தேன். கதவை ஒருவரும் தட்டவில்லை. பிறகு பசித்தது.

கைப்பைக்குள் அந்த மனுசி தந்த மாம்பழம் கனிந்திருந்தது. மாம்பழத்தில் எனக்கு எப்போதும் வருவது கொட்டைதான். தம்பிமாருக்கு, கணவருக்கு, பிள்ளைக்கு, பேர்த்திக்குச் சதையை வெட்டிக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் நின்று கொட்டையைச் சூப்புவேன். அதுதான் ருசி என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன், எல்லாரும் நம்பிவிட்டார்கள். அன்று இரண்டு பக்கத்துச் சதையையும் நானே தின்றேன். முழங்கை வரைக்கும் வழிந்தது. கொட்டையை ஆட்டுக்குப் போட்டேன்.

ஆட்டுக்காரக் கிழவன் வேலியருகே வந்து பெருவிரலை நிமிர்த்தி, எல்லாம் சரியா என்று பார்வையால் கேட்டான். நானும் பெருவிரலை நிமிர்த்தினேன். போய்விட்டான். அவ்வளவு நல்ல அயலவனை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.

பின்னேரம் கடல் அடங்கியது. படகில் இருந்து முதலில் கதிரை இறங்கியது, பிறகு சத்தி எடுத்துக் களைத்த எட்டுப் பேர். மூன்று தட்டுக் கேக் ஒன்றரைத் தட்டாகச் சரிந்திருந்தது. பாக்கியம் அக்கா கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டியிருந்தார். நீத்துப்பெட்டியை விடக் கொஞ்சம் மோசம். வதனி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"பிறந்தநாளும் அதுவுமா உங்களைத் தனிய விட்டிட்டமே அம்மா!"

"அழாதை பிள்ளை, எப்பிடியோ சமாளிச்சன்."

அவசரம் அவசரமாகக் கதிரையில் இருத்தினார்கள். பாரிசில் நல்ல இருட்டாம். அங்கே கொத்து றொட்டி பலகையாகி வெகு நேரமாம். போன் திரையில் நிறைய முகங்கள். வழக்கமாக என்றால் என் உச்சி வகிடுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று என்னவோ நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பும் வந்தது. கடலுப்பு காயாத தலைமயிரும் முழங்கையில் மாம்பழப் பிசினுமாக இருக்கிற ஆளை அவர்கள் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அவளைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"அன்ரி கமராவைப் பாத்துப் பல்லுத் தெரியச் சிரிக்கிறா!" என்று சிவா கத்தினார். "இவ்வளவு வருசத்திலை முதல் தடவை!"

லா சப்பலுக்குத் திரும்பி வந்தால் மரக்கறிக் கடைக்காரர் வரைக்கும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார். "வெளியிலை வேண்டாம் எண்டு சொன்னாலும் உள்ளுக்கை அம்மாவுக்கு விழா சரியான விருப்பம்" என்று வதனி எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வருசம் இன்னும் பெரிதாகச் செய்யவேண்டுமாம். குதிரை வண்டிக்கு ரவி விசாரித்தாயிற்று.

"என்னம்மா, வைப்பமே?" என்று வதனி குசினிக்குள் வந்து பயந்து பயந்து கேட்டாள். "அதோடை, இந்த முறை உங்களைத் தனிய விடவே மாட்டம்."

வழக்கமாக எனக்கு ஒரு கிழமை தேவை. அன்று உடனே பதில் வந்தது.

"ஓம் பிள்ளை, வையுங்கோ. ஆனா அதே தீவிலை வையுங்கோ. கேக்கையும் கதிரையையும் அங்காலை பெரிய தீவிலை போய் எடுங்கோ. கதிரை பாரம், எல்லாரும் போகவேணும்."